ஐந்து டப்பாவுக்கு இரண்டு மூடி

நேற்று இரவு இதே மும்பையில் பவாயிலிருந்து அக்கா மகள் ஒரு படம் அனுப்பினாள். நான் வைத்திருக்கிற அதே கண்ணாடி டப்பா செட். 1,499 ரூபாய்க்கு நான் வாங்கியது, இப்போது 899. "சித்தி, விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா? நீங்கதான் அஞ்சு வருஷமா வச்சிருக்கீங்களே" என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் மூன்றாவது மூடியின் கிளிப் உடைந்து கையோடு வந்திருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

அளவு, எடை எல்லாம் படத்திலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன். வாங்கியது 2020 ஆகஸ்டில். செம்பூரில் எங்கள் வீட்டில் நான்கு பேர். எனக்கு வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகச் சமைத்து ஃப்ரீசரில் வைப்பதால்தான் வியாழன், வெள்ளி வண்டி ஓடுகிறது.

கண்ணாடியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்கு முன் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரே மாதத்தில் மஞ்சள் காமாலை வந்தவை போல ஆகிவிட்டன. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், பிளாஸ்டிக்கில் ஏறினால் இறங்காது. வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். கண்ணாடியில் வத்தக்குழம்பை இரண்டு மாதம் வைத்து எடுத்தாலும் கழுவினால் புதிதாக இருக்கிறது. மைக்ரோவேவில் அப்படியே போகிறது. இது போரோசிலிகேட் என்கிற, சூடு தாங்கும் கண்ணாடி. சூட்டுக்கு இது விரிவது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சோதிக்காதீர்கள். நான் முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவேன். ஐந்து டப்பாவில் ஒன்றில்கூட ஒரு கீறல் கிடையாது.

மூடிதான் சனியன்.

நாலு பக்கமும் கிளிப் போட்டு அழுத்துகிற மூடி. கிளிப்பும் மூடியும் ஒரே பிளாஸ்டிக். நடுவில் கீல் மாதிரி ஒரு மெல்லிய பட்டை, அதுதான் மடங்க வேண்டும். மூடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 5 என்று பிளாஸ்டிக்கின் வகை எண் இருக்கும், அதாவது பாலிபுரோப்பிலீன். சூடு தாங்கும், குளிரில் விறைத்துப்போகும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிடந்துவிட்டு வந்த பட்டையை எடுத்த வேகத்தில் நெம்பினால் அது எத்தனை நாள் மடங்கும்? நாலாம் எண் பிளாஸ்டிக் குளிரிலும் வளைந்துகொடுக்கும், ஆனால் அதில் யாரும் கிளிப் செய்வதில்லை.

முதல் மூடி போனது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ரசத்தை விளிம்பு வரை ஊற்றி அழுத்தி மூடினேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். மறுநாள் மூடி நடுவில் உப்பி, ஒரு கிளிப் தானாகவே விடுபட்டு நின்றது. அதைத் திரும்ப அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதிலிருந்து மேலே ஒரு விரல்கடை இடம் விட்டுத்தான் ஊற்றுகிறேன். இரண்டாவதை என் கணவர் அவசரத்தில் உடைத்தார். ஆனால் மூன்றாவது? வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத்தான் தூக்கினேன். அதுவும் போயிற்று. ஃப்ரீசரில் வைக்கலாம் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள் ஐயா!

ஒரு கிளிப்தானே, மீதி மூன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த மூலை லேசாகத் தூக்கிக்கொள்கிறது. அந்த இடுக்கு வழியாக உணவிலுள்ள ஈரம் ஆவியாகப் போய், மேலே வெள்ளைவெள்ளையாகக் காய்ந்துவிடுகிறது. தின்றால் ஒன்றும் செய்யாது, ஆனால் கொண்டைக்கடலை குழம்பு அட்டையைக் கரைத்த மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த ரப்பர் வளையம். பெருங்காய வாசனை முழுவதும் அதில்தான் குடியிருக்கிறது. வாரம் ஒரு முறை பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துக் கழுவாவிட்டால் பள்ளத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். திரும்பப் பொருத்தும்போது எங்கேயாவது ஒரு சுருக்கு விழும். பாத்திரம் தேய்க்க வரும் மௌசி ஒரு வளையத்தை சிங்க் ஓட்டைக்குள் அனுப்பிவிட்டார். ஆக, என்னிடம் இருப்பது ஐந்து டப்பா, இரண்டு மூடி, ஒரு வளையம்.

மூடி மட்டும் கிடைக்குமா என்று ஸ்டேஷன் பக்கத்துப் பாத்திரக் கடையில் கேட்டேன். "சிர்ஃப் டக்கன் நஹி மில்தா" என்றார், டக்கன் மட்டும் தனியாகக் கிடைக்காதாம். மும்பையில் டக்கன் என்றால் மூடி, மடையன் என்றும் பொருள். அவர் எதைச் சொன்னார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்கு இரண்டு தடவை எழுதினேன். புது செட் வாங்கச் சொல்லி அன்பாகப் பதில் வந்தது.

சரி, அக்கா மகள் புதுசாகக் குடித்தனம் நடத்துகிறவள், டப்பாவை விட முக்கியமான சமாச்சாரம் ஒன்று உண்டு. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். வைக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வரும். அதனால் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். மே மாதச் சமையலறையில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். சாம்பாரைக் குக்கரோடு ஆறவிட்டால் நடுவில் சூடு போகவே போகாது. நான் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, பாத்திரத்தை அதில் இறக்கி, மின்விசிறிக்குக் கீழே வைத்துக் கிளறுவேன். டப்பாவிலும் ஆழமாக வேண்டாம், இரண்டு விரல் உயரம் போதும். சோறு விஷயத்தில் இன்னும் கறார். வெந்த பிறகும் பிழைத்துக் கிடக்கிற ஒரு கிருமி அதில் உண்டு. வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அது விஷத்தை உண்டாக்கும், பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த விஷம் போகாது. எடுத்த குழம்பு தளதளவென்று கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் நடுவே ஒரு தடவை கிளற வேண்டும். ஒரு தடவை இளகவைத்ததை மறுபடி உறையவைக்க மாட்டேன்.

மோர்க்குழம்பு திரிந்துவிடும், உருளைக்கிழங்கு மணல்மணலாகிவிடும். பருப்பு, இட்லி, வத்தக்குழம்பு ஜோராக வரும்.

வாங்கிய இரண்டாவது மாதமே ஒரு பரீட்சை வந்தது. 2020 அக்டோபர் 12, மும்பை முழுக்கக் கரண்ட் போன நாள். ஃப்ரீசர் நிறைய டப்பா. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்கும். என் மாமியாரோ அரை மணிக்கொரு தரம் திறந்தார். "உருகிடுச்சான்னு பாக்கறேன்" என்றார். "திறக்காம இருந்தாத்தாம்மா உருகாது" என்றேன். மதியத்துக்கு மேல் கரண்ட் வந்தது, எதுவும் கெடவில்லை.

அதே மாமியார்தான் இப்போது சிரிக்கிறார். மூடியில்லாத டப்பாக்களுக்குப் பதிலாக இரண்டு வருஷமாகப் பாதி வேலையைச் செய்வது அவருடைய எவர்சில்வர் சம்படங்கள். கல்யாணத்துக்கு வந்தவை, மூடியில் பெயர் வெட்டி, கீழே 1974 என்று போட்டவை. கிளிப் கிடையாது, வளையம் கிடையாது. உறைந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் எஃகு சட்டென்று சூட்டை வாங்கிக் கொடுத்து, ஓரம் விட்டு, குழம்பு முழுக்கட்டியாக நழுவி வாணலியில் விழும். அந்த 'தொப்' சத்தத்துக்கு நான் அடிமை. மைக்ரோவேவில் வைக்க முடியாது. உள்ளே என்ன என்று தெரியாது, அதனால் டேப் ஒட்டித் தேதியோடு எழுதுகிறேன். சில நாள் மூடி உறைந்து ஒட்டிக்கொள்ளும், மேலே ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் திறந்துவிடும். காற்றுப் புகாமல் இருக்கிறதா என்றால், அவ்வளவாக இல்லை. இரண்டு வாரத்துக்குள் எடுப்பதை மட்டும் அதில் வைக்கிறேன்.

எனவே அக்கா மகளுக்குப் பதில் போட்டேன்: "வாங்காதே. அம்மா கிட்ட சம்படம் இருந்தா கேட்டு வாங்கிக்கோ."

பிறகு அதே படத்தை அழுத்தி நான் ஒரு செட் ஆர்டர் போட்டேன். அளவு மாறவில்லை, மூடி கச்சிதமாகப் பொருந்தும். செவ்வாய்க்கிழமை வருகிறதாம். கண்ணாடி டப்பா வேண்டுமென்றால் ஐந்தையும் அவள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். மூடி தர மாட்டேன்.