ஒரு வருடத் தலைமை: கோல்ட்ஸ்மித்ஸா, ஷெஃபீல்டா, டாக்சி ஓட்டுநர்களா?

நகைக்கடையில் வளையலைக் கையில் வாங்கியதும் "ஹால்மார்க் இருக்கா?" என்று கேட்கிறோமே, அந்த 'ஹால்' லண்டனில் ஃபாஸ்டர் லேன் தெருவில் இருக்கிறது. பெயர் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால். 1478-இல் அங்கே உலோகத்தின் தரத்தைச் சோதிக்கச் சம்பளத்துக்கு ஒரு மதிப்பீட்டாளரை வைத்தார்கள். பொற்கொல்லர்கள் செய்த பொருளை அந்த ஹாலுக்கே எடுத்துப் போய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஆனது. அந்தப் பேர்தான் கடல் தாண்டி நம் கடைத்தெரு வரை வந்திருக்கிறது.

அந்த ஹாலுக்குச் சொந்தக்காரர்கள் கோல்ட்ஸ்மித்ஸ், அதாவது பொற்கொல்லர்கள் என்ற லிவரி கம்பெனி. தொழில்வாரியாகச் சேர்ந்த பழைய கைவினைச் சங்கங்களின் வழியில் வந்தவை இவை. லண்டனின் பழைய நடுப்பகுதியான லண்டன் சிட்டியில் மட்டும் 110-க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடத்துக்கு ஒரு தலைவர்; பெரும்பாலும் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். அந்த ஒரு வருடத்தை எங்கே கழித்தால் ஆள் வந்து போனதற்கு அடையாளம் மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. அதற்காக மூன்று நாற்காலிகளை எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோல்ட்ஸ்மித்ஸில் தலைவருக்குப் பெயர் மாஸ்டர் அல்ல, பிரைம் வார்டன். வார்டனாக நுழைந்து படிப்படியாக மேலே வந்துதான் அந்த இடத்தில் உட்கார முடியும். 1327-இல் மூன்றாம் எட்வர்டிடம் பட்டயம் வாங்கிய கம்பெனி. சிட்டியின் பன்னிரண்டு பெரிய கம்பெனிகளின் வரிசையில் ஐந்தாவது. வருடம் ஒரு முறை இங்கே நாட்டின் நாணயங்களுக்கே பரீட்சை நடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் அது. நாணயச்சாலையிலிருந்து வந்த பொட்டலங்களை நீள மேசையில் பிரிப்பார்கள். ஒரு பொட்டலத்தில் ஐம்பது காசு. நடுவர்கள் எண்ணிப் பார்த்து, ஏதோ ஒன்றைச் செப்புக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மீதி நாற்பத்தொன்பதை மரக் கிண்ணத்தில் சாய்ப்பார்கள். செப்புக் கிண்ணத்துக் காசு மதிப்பீட்டுக் கூடத்துக்குச் சோதனைக்குப் போகும். பதவிவழியில் நாணயச்சாலைக்குத் தலைவர் நிதியமைச்சர்தான். ஆகவே தீர்ப்பு அவரை நோக்கியது. பொற்கொல்லர்கள் எண்ணி முடிக்கும்வரை அரசாங்கமே காத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் இந்தத் தேர் ஏழு நூற்றாண்டாகத் தானே ஓடுகிறது. பிரைம் வார்டன் அதன் முன்னால் நடக்கிறார். வடம் பிடித்து இழுப்பது கிளார்க் எனப்படும் நிர்வாகத் தலைவரும் அலுவலகமும் மதிப்பீட்டுக் கூடமும்.

இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஷெஃபீல்டின் கதை வேறு. அங்கே கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் செய்தவர்களுக்காக 1624-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு உருவாக்கிய கம்பெனி இருக்கிறது. தலைவர் பெயர் மாஸ்டர் கட்லர். லண்டன் சிட்டியோடு சம்பந்தம் இல்லாததால், சிட்டியின் லிவரி கம்பெனிகள் ஓட்டுப் போடும் லார்டு மேயர் தேர்தலில் இவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அந்த ஊரில் மாஸ்டர் கட்லர் என்றால் தனி மரியாதை. லண்டனுக்குப் போகும் ரயில் ஒன்றுக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். 'ஷெஃபீல்டு' என்ற பெயரைக் கண்டவர்கள் கத்தியில் பொறித்து விற்காமல் காப்பது இந்தக் கம்பெனியின் வேலை. 1998-இல் பமேலா லிவர்சிட்ஜ் முதல் பெண் மாஸ்டர் கட்லர் ஆனார். 374 வருடம் ஆகியிருக்கிறது அதற்கு. ஊருக்கு முகமாக நிற்க ஆசைப்படுபவருக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி இல்லை. அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விருந்துகளை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. எந்த லிவரி கம்பெனிக்குப் போனாலும் அவை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கிண்ணம் மேசையைச் சுற்றி வரும். ஒருவர் குடிக்கும்போது எதிரே நிற்பவர் மூடியைப் பிடித்துக்கொள்வார்; பின்னால் ஒருவர் முதுகுக்கு முதுகு காட்டிக் காவல் நிற்பார். 978-இல் குடிக்கும்போதே குத்திக் கொல்லப்பட்ட எட்வர்டு மன்னனின் நினைவு என்பார்கள். முதல் முறை பார்க்கும்போது அருமையாக இருக்கும். வருடம் முழுக்க அழைப்பு வந்த கம்பெனிகளுக்கெல்லாம் பதக்கம் மாட்டிக்கொண்டு போய்வர உடம்பும் நேரமும் வேண்டும். புதிய கம்பெனி என்றால் கைப்பணமும் கரையும்.

மூன்றாவது, ஹாக்னி கேரேஜ் டிரைவர்ஸ். லண்டன் கறுப்பு டாக்சி ஓட்டுநர்கள். 1654-இலேயே வண்டிக்காரர்களுக்குச் சங்கம் வைக்க ஆணை வந்தது. லிவரி அந்தஸ்து வந்ததோ 2004-இல். வரிசையில் 104-ஆவது இடம், சொந்த ஹால் இல்லை, விருந்து வைத்தால் இன்னொருவர் ஹாலை வாடகைக்கு எடுக்க வேண்டும். அப்படியும் சிட்டியின் நகர மன்றமான கில்ட்ஹாலில் ஜூன் 24 அன்று ஷெரிஃப்களைத் தேர்ந்தெடுக்கும்போது, செப்டம்பர் 29 அன்று லார்டு மேயரைத் தேர்ந்தெடுக்கும்போது, இவர்களுடைய லிவரிமேனின், அதாவது ஓட்டுரிமை உள்ள உறுப்பினரின் குரலுக்கும் பொற்கொல்லரின் குரலுக்கும் ஒரே எடை. லண்டன் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து, ஸ்கூட்டரில் மழையோடு மழையாகச் சுற்றித் தேறி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் அங்கியும் பதக்கமுமாக அந்த மேடை ஏறுகிறார். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அதைவிட, இவர்களுடைய பெரிய வேலை தானாக நடப்பதில்லை. தீராத நோயோடு போராடும் குழந்தைகளையும் குடும்பங்களையும் 1994 முதல் தங்கள் டாக்சிகளிலேயே ஏற்றிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, பாரிஸ் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போய் வருகிறார்கள். லண்டனின் கேனரி வார்ஃபிலிருந்து ஏறத்தாழ நூறு வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். மருத்துவர்களும் தாதியரும் கூடவே வருவார்கள். ஓட்டுநர்கள் அந்த மூன்று நாள் வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். அதற்குப் பணம் திரட்ட வேண்டும், ஓட்டுநர்களைச் சேர்க்க வேண்டும். மாஸ்டர் அசந்தால் அந்த வருடம் நூறு எண்பதாகும். அப்படி விட்டுப்போன ஒவ்வொரு வண்டியும் ஒரு குழந்தையின் இடம்.

ஆகவே என் ஓட்டு டாக்சிக்காரர்களுக்கு. கோல்ட்ஸ்மித்ஸ் நாற்காலியை யாராவது எனக்குக் கொடுத்தால் மறுக்க மாட்டேன். அந்தச் செப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கவாவது வாங்கிக்கொள்வேன். ஆனால் விடிகாலையில் கேனரி வார்ஃபில் கடைசி டாக்சியின் கதவைச் சாத்தி, உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கையசைக்கும் வேலை வேறு எந்த நாற்காலியிலும் இல்லை.