200 டிகிரி காட்டும் வேப்: மோட்டார் கடைக்காரன் பார்வையில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு வேப் கருவியோடு வந்தான். நிக்கோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் இ-சிகரெட்தான் அது. துபாயிலிருந்து நண்பர் கொண்டு வந்து கொடுத்ததாம். “டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்கு மாமா, 200 டிகிரியைத் தாண்டாது, சேஃப்” என்றான். 2019 சட்டப்படி இந்தியாவில் இதைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே குற்றம். அதனால் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம். எனக்கு அந்த 200 மேல்தான் சந்தேகம்.

பாடி கனமாக, நேர்த்தியாக இருக்கிறது. திரையும் பளிச். ஆனால் இதில் சூட்டை அளக்கத் தனி சென்சார் கிடையாது. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும். அதை வைத்துக் கணக்குப் போட்டுத் திரையில் எண்ணைக் காட்டுகிறது. வைண்டிங் சூட்டை நாங்களும் இப்படிக் கணக்கிடுவது உண்டு. ஆனால் செம்பில் 100 டிகிரிக்கு ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். இதில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, 10 சதவீதம் கூடினாலே அதிகம். அரை ஓம் காயிலில் 100 டிகிரி வித்தியாசம் என்பது வெறும் 0.05 ஓம். அடித் திருகு கொஞ்சம் லூசானால் போதும், அவ்வளவும் ஆடிவிடும். காயில் ஆறும் முன்பே அதன் ரெசிஸ்டன்ஸைக் கணக்கின் தொடக்க அளவாகப் பதிந்து வைத்தால், திரை 200 காட்டும்போது உள்ளே நிஜச் சூடு அதைவிட மேலே போயிருக்கும். திரவத்தை உறிஞ்சி வைக்கும் பஞ்சு ஓர் ஓரமாகக் காய்ந்து கருகினாலும் திரைக்குத் தெரியாது. அது மொத்தக் காயிலுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது.

சரி, எண் சரியாகவே இருக்கட்டும். திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். சூடு ஏற ஏற இவை உடைந்து ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் போன்றவை உருவாகும். முதலாவது புற்றுநோய் உண்டாக்குவது, அடுத்தது நுரையீரலை அரிப்பது. சூட்டைக் குறைத்தால் இவை குறையலாம். ஆனால் இந்த டிகிரிக்குக் கீழே ஆபத்தில்லை என்று யாரும் கோடு போட்டுத் தரவில்லை. நிக்கோடின் எப்படியும் உள்ளே போகத்தான் போகிறது.

பாட்டிலில் மாம்பழ ஃப்ளேவர். மாங்கூழ் ஆலைகள் இருக்கும் ஊருக்கு இதையா கொண்டு வருவது! தின்ன ஏற்ற வாசனைப் பொருள் நுரையீரலுக்கும் ஏற்றது என்று அர்த்தமில்லை. லேபிளில் மில்லிக்கு 50 மில்லிகிராம் நிக்கோடின் என்று போட்டிருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் உச்சவரம்பே 20 தான். பாட்டில் 30 மில்லி, ஆக மொத்தம் 1,500 மில்லிகிராம். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. இனிப்பு வாசனைக்கு அது வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், பதில் இல்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று, அதுவும் பாடிக்காக. சிகரெட்டை விடத்தான் இதைத் தொட்டேன் என்றான். அதற்கு 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. டாக்டரைக் கேட்டு நிக்கோடின் சூயிங்கமும் வாங்கலாம். பேட்டரி இப்போது என் மேசை டிராயரில் கிடக்கிறது, கேட்டால் தருவதாக இல்லை.