வேர்டில் பக்க எண்: கோபியில் ஒரு டைப்பிங் கடையின் 11 வருஷ அனுபவம்

கோபிசெட்டிபாளையத்தில் 11 வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் வந்தால் புராஜெக்ட், ஆய்வேடு என்று பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். தமிழ்த் தட்டச்சைவிட அதிகமாக என் நேரத்தைத் தின்றது பக்க எண்தான்.

"அக்கா, முகப்புல நம்பர் வேண்டாமுங்க. நன்றியுரையில இருந்து ரோமன்ல வரணும், முதல் அத்தியாயம் 1-ல ஆரம்பிக்கணுமுங்க." எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆரம்பத்தில் மூன்று ஃபைலாக உடைத்து அடித்தேன். ஒரு பத்தி கூடினால் போதும், பொருளடக்கம் முழுவதையும் கையால் திருத்த வேண்டும்.

அப்புறம்தான் செக்‌ஷன் பிரேக் பிடிபட்டது. ஒரே ஃபைலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் கோடு அது. லேஅவுட்டில் பிரேக்ஸ், அதில் நெக்ஸ்ட் பேஜ். அடுத்து பக்கத்தின் அடியில் எண் வரும் இடமான ஃபுட்டரைத் திறந்து, புதிய செக்‌ஷனில் 'லிங்க் டு பிரிவியஸ்' என்பதை முதலில் அணைத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் முகப்பில் எண்ணை அழித்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும். ரோமன் எழுத்தும், எந்த எண்ணில் தொடங்குவது என்பதும் 'ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்' பெட்டியில் இருக்கின்றன.

எனக்கு நிஜமாகவே வலித்தது ஒரு மாணவியின் மஞ்சள் விலை ஆய்வேட்டில். ஈரோட்டுச் சந்தை விலை அட்டவணை அகலமாக இருந்ததால் அந்தப் பக்கத்தை மட்டும் குறுக்காகத் திருப்பினேன். அதற்கு முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரேக். 63-க்கு அடுத்த பக்கம் மறுபடி 1! முந்தைய செக்‌ஷனின் '1-ல் தொடங்கு' என்ற அமைப்பைப் புதியதும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. நான்கு பிரதி ஸ்பைரல் போட்ட பிறகு அந்தப் பெண்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. என் செலவிலேயே திரும்ப அடித்துக் கொடுத்தேன். 'கன்டினியூ ஃப்ரம் பிரிவியஸ் செக்‌ஷன்' என்பதை ஒவ்வொரு பிரேக்குக்குப் பின்னும் அன்றிலிருந்து பார்க்கிறேன்.

இன்னொரு கணினியில் வேர்டு போலவே வேலை செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. அங்கே எல்லாம் பேஜ் ஸ்டைல், அதாவது பெயரிட்டு வைத்த பக்க அமைப்பு வழி. 2023-இல் வந்த 7.6 பதிப்பிலிருந்து எண் போடுவது சுலபமாகிவிட்டது. ஆனால் எண்ணைக் கூட்டிக் காட்ட 'ஆஃப்செட்' கட்டத்தில் கைவைக்காதீர்கள், கடைசிப் பக்கங்களில் எண்ணே வராது. புது எண்ணில் தொடங்க, மேனுவல் பிரேக் போடும்போதே எண்ணைக் கொடுப்பதுதான் சரி.

வேர்டில் இன்றும் நான் பயப்படுவது பிரேக்கை அழிப்பதற்குத்தான். அழித்தால் மேலே உள்ள பகுதி கீழே உள்ளதன் அமைப்பை எடுத்துக்கொள்ளும், ரோமன் எண்கள் போய்விடும். அதனால் கன்ட்ரோல், ஷிப்ட், 8 அழுத்தி, பிரேக் கோடுகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகே டெலீட் பக்கம் விரலைக் கொண்டுபோகிறேன்.