ஏழு வருடம், ஒரே லென்ஸ்: திருவனந்தபுரத்தில் 24 மி.மீ.

மார்த்தாண்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் வெளியூர்க் கணக்கில் வராது. பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் புடவை, வளைகுடாவுக்கு விமானம் என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஓடுகிறோம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை அதுதான் எங்கள் தலைநகரமும். அதனாலோ என்னவோ, அந்த நகரத்தை நாங்கள் நின்று பார்த்ததே இல்லை. வந்த காரியம் முடிந்ததும் களியக்காவிளை பஸ்ஸைப் பிடிக்கத் தம்பானூருக்கு விரைவோம். 2018 கடைசியில் காமிரா வாங்கிய பிறகுதான், படம் எடுப்பதற்கென்றே மாதம் இரண்டு ஞாயிறு அங்கே போக ஆரம்பித்தேன். ஏழு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் பையில் இருந்தது ஒரே லென்ஸ் என்பதால், அதைப் பற்றி விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

காமிரா கேனான் 200டி. லென்ஸ் 2014-இல் வந்த 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். (எஃப் எண் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது; எஸ்.டி.எம். என்பது ஃபோகஸ் மோட்டாரின் பெயர்.) தடிமன் குறைவு என்பதால் பான்கேக் என்று சொல்வார்கள். எடை 125 கிராம், தடிமன் 23 மி.மீ.கூட வராது. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத காமிரா, பேட்டரியோடு 453 கிராம். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குடை, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பாவோடு என் சாதாரணக் கைப்பையிலேயே அடங்கிவிடும். காமிராவுக்கென்று தனிப் பை தோளில் தொங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பெண் தனியாகக் கடைத்தெருவில் நடக்கும்போது அது பெரிய விஷயம்.

இது ஜூம் கிடையாது. 200டி-யின் சிறிய சென்சாரில் 24 மி.மீ. என்பது பழைய ஃபிலிம் கணக்கில் 38 மி.மீ. போல. ஏறக்குறைய நாம் கவனமாக ஒன்றைப் பார்க்கும்போது கண்ணில் விழும் அளவு. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நடந்து கிட்டே போக வேண்டும். முதல் ஆறு மாதம் இது தொந்தரவாக இருந்தது. அப்புறம் கால் பழகிவிட்டது. இப்போது காமிராவை எடுக்காமலே, இந்த இடத்தில் நின்றால் ஃப்ரேமுக்குள் எது வரும், எது வெட்டுப்படும் என்று தெரிகிறது. ஒரே லென்ஸில் நீண்ட நாள் இருந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். திருவனந்தபுரம் எட்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கே வந்துவிடும். மற்ற மாதங்களிலும் பத்தரைக்கு மேல் கண்குழியில் கறுப்பாக நிழல் விழுந்து முகமெல்லாம் களைத்துப்போன மாதிரி தெரியும். அதனால் நான் முதல் பஸ்ஸில் போகிறேன். கிழக்கே கோட்டையில் இறங்கிப் பத்மதீர்த்தக் குளத்தருகே நின்றால், பத்மநாபசுவாமி கோவிலின் ஏழு நிலைக் கோபுரத்தின் கிழக்கு முகத்தில் இளவெயில் படும் நேரம் சரியாக இருக்கும். காற்று எழும்புவதற்கு முன் என்றால் கோபுரம் முழுதும் குளத்தில் தெரியும். கோவிலுக்குள் காமிராவும் மொபைலும் கூடாது. அங்கே நானும் சாமி கும்பிடத்தான் போகிறேன். இன்னோர் இடம் நேப்பியர் மியூசியம். 1880-இல் கட்டி முடித்தது, சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய அதே கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது. மழை பெய்து ஓய்ந்த காலையில் போங்கள், சுவரின் வண்ணக் கோடுகள் அப்போதுதான் எடுப்பாக இருக்கும்.

என் படங்களில் பெரும்பங்கு சாலைக் கம்போளத்தில் எடுத்தவை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய கடைத்தெரு. பல கடைகளில் நாம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. 200டி-யின் திரையைத் திருப்பி, காமிராவை இடுப்பளவில் வைத்து, யாருக்கும் தெரியாமல் எடுக்கும் பழக்கம் ஆரம்பத்தில் எனக்கு இருந்தது. அந்தப் படங்களை எல்லாம் பிறகு அழித்துவிட்டேன். எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் படத்தில் இல்லை.

கருப்பட்டிக் கடைப் பெரியவர் ஒருவரிடம்தான் முதலில் கேட்டு எடுத்தேன். "போட்டோ எதுக்கு மோளே?" என்றார். மார்த்தாண்டத்திலிருந்து வருகிறேன் என்றதும் பேச்சு தமிழுக்கு மாறி, எந்தப் பக்கம், யார் வீடு என்று விசாரணை நீண்டது. அன்றைக்கு எடுக்கவிடவில்லை. மூன்றாவது தடவை போனபோது, "சரி, எடு. வேலையை நிறுத்தமாட்டேன்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். அவர் பனையோலைப் பெட்டியைப் பிரித்துக் கட்டிகளைத் தராசில் அடுக்கினார். கட்டைவிரல் ரேகைக்குள் கருப்பட்டி ஏறிக் கறுத்திருந்தது. ஒரு மீட்டர் தள்ளி நின்றதில் முகம் கோணவில்லை, பின்னால் கடையும் முழுதாக வந்தது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஈரத் தரையிலிருந்து வெளிச்சம் எதிரொளித்து, தாடைக்குக் கீழே மெல்ல ஏறியிருந்தது. ஐம்பது முகமாவது அந்தத் தெருவில் எடுத்திருப்பேன், அந்த வெளிச்சம் மறுபடி அமையவே இல்லை. அச்சுப் போட்டுக் கொடுத்த படம் இன்னும் அவர் கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கிறது.

அங்கே கவனிக்க வேண்டியது தார்ப்பாய். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நிற்பவரின் தோல் நீலமாகவே பதிவாகும். காமிராவே முடித்துக் கொடுக்கும் ஜேபெக்கில் எடுத்தால் சரிசெய்வது கஷ்டம், சென்சார் பதிவை அப்படியே வைக்கும் ரா ஃபைலாக எடுத்தால் ஓரளவு மீட்கலாம். நான் ஆளை ஓர் அடி வெளியே வரச் சொல்லிவிடுகிறேன், அதுவே சுலபம்.

வெயில் ஏறியதும் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸ். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டிடம், சங்கைப் போலச் சுருண்டு ஏறும். உள்ளே மாடிப்படி கிடையாது, தரையே சரிவாக மேலே போகும். வெளிச்சுவர் முழுக்க ஓட்டைகள். அவற்றின் வழியாக வெயில் துண்டு துண்டாக மேஜையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு காபியை அரை மணி நேரம் குடிக்கலாம். அங்கே இந்த லென்ஸின் குறை தெரியும். இதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. சுவரோரம் இருட்டு, எஃப் 2.8-க்குக் கீழே இறங்க முடியாது, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வை 1600 வைத்தால்தான் ஷட்டர் 1/60 நொடி கிடைக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். தட்டோடு சரிவில் ஏறும் பரிமாறுபவர் கலங்கிப் போவார். பலமுறை முயன்று, அந்தக் கலக்கத்தையே வைத்துக்கொண்டு எடுத்தேன்: விசிறி மடிப்புத் தலைப்பாகை தெளிவில்லாமல் ஓடுகிறது, முன்னால் பீட்ரூட் கலந்த மசால்தோசையும் வெயில் புள்ளியும் அசையாமல் கிடக்கின்றன. எடுப்பதற்கு முன் பக்கத்து மேஜைக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாப்பிடும்போது படத்தில் விழ யாருக்கும் பிடிக்காது.

அடுத்தது, பலரும் என்னிடம் கேட்கும் கோபுரச் சூரியன். வருடத்துக்கு இரண்டு முறை, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், மேற்கே இறங்கும் சூரியன் கோபுர வாசல்களின் நடுவே ஒவ்வொரு நிலையாகத் தெரிந்து கீழே வரும். கிழக்குப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். மாலை ஐந்தரைக்கெல்லாம் கூட்டம் கூடிவிடும். நீள லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சூரியன் பெரிதாக, வாசலை நிறைத்து வரும். என்னுடையதில் வெறும் பொட்டு. முதல் இரண்டு முறை ஏமாற்றத்தோடு திரும்பினேன். மூன்றாம் முறை துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கிப் பார்த்தேன். இந்த லென்ஸில் துவாரத்தை மூடும் தகடு ஏழு. தகடு ஒற்றைப்படையாக இருந்தால் ஒளிக்கதிர் அதன் இரட்டிப்பாக வரும். அதனால் பொட்டு பதினான்கு கதிர் நட்சத்திரமாக விரிந்தது. சூரியன் வாசல் விளிம்பில் பாதி மறைந்திருக்கும் நேரம் கதிர் இன்னும் கூர்மையாகும். எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்தால், அதாவது வெளிச்சத்தைக் கால் பங்காக்கினால், கோபுரம் கறுத்து நட்சத்திரம் மட்டும் நிற்கும். எஃப் 16-இல் படம் கொஞ்சம் மென்மையாகிவிடும், அச்சில் அது பெரிதாகத் தெரியாது. செப்டம்பரில் பெரும்பாலும் மேகம், மார்ச்சை நம்புங்கள்.

அந்த எஃப் 16-தான் சென்சார் தூசியையும் காட்டிக்கொடுத்தது. வானத்தில் சாம்பல் புள்ளிகள். எண்ணிப் பார்த்ததில் மூன்றே மூன்று. லென்ஸை அநேகமாகக் கழற்றியதே இல்லை என்பதால் அவ்வளவுதான்.

லென்ஸுக்கு இந்த ஊர்க்காற்று பெரிய எதிரி. காமிராவோடு வந்த ஜூம் லென்ஸைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. நகரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு மாதம் இழுத்தடித்து, காசும் வாங்கிக்கொண்டு, உள்ளே தூசியோடு திருப்பிக் கொடுத்தார்கள். அழுகை வந்தது. அன்றிலிருந்து காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். நூறு ரூபாய் ஜெல் ஒரு லென்ஸைக் காப்பாற்றும், தயவுசெய்து செய்யுங்கள். மழை நேரத்தில் ஒரு ஷவர் கேப்பும் கைப்பையில் வைத்திருக்கிறேன். காமிரா, லென்ஸ் இரண்டுமே நனையக் கூடாதவை.

இந்த லென்ஸை நான் முழுதாக நம்பியது, பெண்கள் தெருவெங்கும் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலையில். மாசியில், கும்ப மாதத்துப் பூரம் நாளில் வரும். மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூர் போகும் வழியில் ஆற்றுகாலில் தங்கினாள் என்பது ஐதிகம். அவள் கதையைத் தோற்றம் பாட்டாக அங்கே பாடுகிறார்கள். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸில் ஏறியது. எங்கள் பக்கத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் போவார்கள். அம்மா வருடா வருடம் பொங்கலிடுகிறாள். நான் செங்கல் தூக்கிக்கொண்டு கூடப் போகிறேன். அதனால் வெளியே நின்று எடுக்கும் ஆளாக இல்லாமல், வரிசைக்குள்ளேயே அடுப்புக்கும் அடுப்புக்கும் நடுவில் குந்தி இருப்பேன். அங்கே ஜூம் லென்ஸை நீட்ட இடமில்லை. இந்த லென்ஸோ 16 செ.மீ. வரை கிட்டே போகும்.

கோவிலில் பண்டார அடுப்பு என்ற முதல் அடுப்பைப் பற்றவைத்ததும் நெருப்பு அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரும். சில நிமிடங்களில் தெரு முழுக்கப் புகை. புகைக்குள் ஆட்டோஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். நான் கையால் வளையத்தைத் திருப்பிக்கொள்கிறேன். காமிரா விழித்திருந்தால்தான் வளையம் வேலை செய்யும், அது பழகவேண்டிய விஷயம். வெள்ளைச் சமனை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் புகையின் நிறம் மாறும். பகல் வெளிச்சம் என்று பூட்டிவிடுங்கள்.

போன வருடம் அம்மாவின் பானை பொங்கிய நேரம். நுரை விளிம்பில் ஒரு கணம் தடித்து நின்றது. அப்புறம் ஒரு பக்கமாக வழிந்து, சூடான மண்ணில் பட்டுச் சுருண்டது. அம்மா குலவையிட்டாள். ஒரு சாண் தூரத்தில் காமிரா, ஆவி பட்டு லென்ஸின் முன் ஃபில்டர் மங்கியது. முந்தானையால் ஒரு தேய்ப்பு, இரண்டு கிளிக். முதல் படத்தில் நுரை, இரண்டாவதில் புகைக்குப் பின்னால் கண்ணைத் துடைக்கும் அம்மா. இரண்டாவதைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பக்கத்து அடுப்புக்காரச் சேச்சி தன் பானையையும் எடுக்கச் சொன்னாள், வாட்ஸப்பில் அனுப்பினேன்.

வாங்கலாமா என்று கேட்டால், தெருவும் மனிதரும் எடுப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். யானை ஊர்வலத்தையும் கோபுரச் சூரியனையும் தூரத்திலிருந்தே பெரிதாக எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல் புறப்பட்டு, முதல் இரவு எங்கள் குழித்துறையில் தங்கிப் போகும்போது நானும் கூட்டத்தின் தலைகளைத்தான் எடுத்திருக்கிறேன். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தோழியிடம் நீள லென்ஸ் இரவல் வாங்குகிறேன். பேட்டரி கணக்குக்கு 650 படம்; திரையைப் பார்த்தே எடுத்தால் அதில் பாதிகூட எனக்கு வருவதில்லை, ஒன்று கூடுதலாக வேண்டும். அடாப்டர் போட்டால் புது மிரர்லெஸ் பாடியிலும் இந்த லென்ஸ் வேலை செய்யும். அதனால் 200டி ஓய்ந்தாலும் லென்ஸை விற்க மாட்டேன். வருகிற மார்ச்சில் மூன்றாம் நிலை வாசலில் அந்த நட்சத்திரம் வேண்டும், இதுவரை இரண்டாவதில்தான் கிடைத்திருக்கிறது.