சீட்டு இரண்டு, செடி ஒன்று: டிராகன் பழப் போத்தில் ஏமாந்த கதை

போத்து (நடுவதற்காக வெட்டிய தண்டு) மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில் டிராகன் பழத் தண்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கைநீட்டுங்கள். எனக்கு 3 வருடம் போயிற்று.

என் அத்தி மரத்திலிருந்து பென்சில் கனத்தில் 12 குச்சிகளை வெட்டி, ஈரத்துணி சுற்றி, டிராகன் பழத் தண்டு மாற்றாகத் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு இரண்டு தண்டுகள் வந்தன. ஒன்றில் ‘சிவப்புச் சதை’, மற்றதில் ‘வெள்ளைச் சதை’ என்று சீட்டு. சிவப்பு ரகங்களில் பல, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்ப்பதில்லை. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். அதற்காகத்தான் வெள்ளையைக் கேட்டிருந்தேன். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

வெட்டுவாயை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி நட்டேன். குறை சொல்லக்கூடாது, இரண்டும் அருமையாக வேர் பிடித்து, கம்பம் ஏறி, இரண்டாம் வருடமே மொட்டு வைத்தன. பூ ஓர் இரவுதான் விரியும். விடிந்து வெயிலேறினால் வாடிவிடும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒன்றின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து மற்றதன் சூலகமுடியில் தடவினேன். விரலெல்லாம் மஞ்சள் பொடி. ஐந்தாம் நாள் பூவின் அடி மஞ்சளித்தது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் 11 பூ. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

அவரிடம் கேட்டேன். “உரம் போதாது” என்றார். எரு வைத்தேன். அடுத்த பருவமும் உதிர்ந்தது. “வெயில் அதிகம்” என்றார். மறுபடி கேட்டதற்கு, “சிலருக்குக் கைராசி இருக்காது” என்றாரே பார்க்கலாம்!

அன்றிரவுதான் இரண்டு பூக்களையும் அருகருகே பிடித்துப் பார்த்தேன். வெள்ளைச் சதை ரகத்தில் பூவின் வெளியிதழ்கள் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். முற்றிய தண்டின் விளிம்பு பழுப்பேறிக் கெட்டிப்படும். என்னிடமிருந்த இரண்டிலும் வெளியிதழ் ஓரத்தில் ஒரே மாதிரிச் சிவப்புத் தீற்றல். விளிம்பில் பழுப்பு மருந்துக்கும் இல்லை. ஒரே தாய்ச்செடியை இரண்டாக நறுக்கி, இரண்டு சீட்டுக் கட்டியிருக்கிறார். அப்படி நறுக்கிய போத்துகள் பத்தை நட்டாலும் மகரந்தத்துக்கு அவை ஒரே செடிதான்.

நண்பர் ஒருவர் தன் வெள்ளை ரகப் பூவின் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். தடவிய பூ இரண்டும் நின்றன. ஒரு மாதத்துக்குச் சற்று மேலாகப் பழுத்தபின் அறுத்துப் பார்த்தால், ‘வெள்ளை’ என்று சீட்டுக் கட்டிய செடியின் பழமும் பீட்ரூட் நிறம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமில்லை, மாற்று. பல்லைப் பார்த்திருக்க வேண்டும். பழத்தின் படம் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்து அனுப்பலாம். தாய்ச்செடியில் பூ விரிந்திருக்கும் படத்தைக் கேளுங்கள், முற்றிய தண்டின் விளிம்பையும் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு ரகத்தையும் இரண்டு வேறு ஆட்களிடம் வாங்குங்கள்.

அவர் இப்போது அதே தண்டை ‘மஞ்சள் தோல்’ என்று கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. என் அத்திக் குச்சிகள் அவரிடம் காய்த்துக்கொண்டிருக்கின்றனவாம்.