தோட்டப் பக்கத்தில் ஒரு பழைய ஆட்டோ லெவல்: நெடுநாள் அனுபவம்

சிவில் டிப்ளோமா படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோ லெவல் இது, தரையின் உயர வித்தியாசம் பார்க்கும் கருவி. 24 மடங்கு உருப்பெருக்கம். ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் 2 மில்லிமீட்டர் துல்லியம் என்று கணக்கு. மாணவனுக்கு இதற்கு மேல் வேண்டாம். வகுப்பில் ஒரு கருவிக்கு ஆறு பேர் நிற்போம். ரீடிங்கைப் புக்கில் எழுத உட்கார்ந்தவன் கடைசிவரை எழுதிக்கொண்டுதான் இருப்பான், லென்ஸில் கண் வைக்கவே முடியாது. அதனால்தான் சொந்தமாக ஒன்று.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி இப்போது செம்பனைதான். மரத்துக்கு மரம் 9 மீட்டர், முக்கோண நடவு. பாடப்புத்தகத்தில் 50, 60 மீட்டர் பார்வைத் தூரம் சுலபமாகக் கிடைக்கும். இங்கே தாழ்ந்த மட்டை மறைத்துவிடும், 30 மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். வெயில் ஏறினால் செம்மண் ரோட்டில் கானல் ஆடும்; ஸ்டாஃபில் (எதிரே நிறுத்தி ரீடிங் பார்க்கும் அளவுகோல்) இருக்கும் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களும் சேர்ந்து ஆடும். விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) ஆட்கள் கிளம்பும் நேரத்திலேயே நானும் கிளம்பிவிடுவேன், பசியாறுவது அப்புறம்தான்.

உருப்படியாகச் செய்த வேலை, கோயில் வாசலில் தண்ணீர் தேங்கியதற்குக் காரணம் பார்த்தது. கால்வாய் சின்னது, அகலப்படுத்த வேண்டும் என்பது மாமாவின் கட்சி. ஸ்டாஃப் பிடித்ததும் அவர்தான். மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கச் சொன்னேன்.

“என்னடா, ஆடாமப் பிடிக்கிறதுதானே முறை?”

“சாய்ச்சாத்தான் மாமா சரியான ரீடிங் தெரியும்.”

சாய்ந்த ஸ்டாஃப் எப்போதும் கூடுதலாகவே காட்டும். 3 மீட்டர் ரீடிங்கில் 5 டிகிரி சாய்ந்தால் 11 மில்லிமீட்டர் போய்விடும். ஆட்டும்போது வருகிற மிகக் குறைந்த எண்ணே சரியானது. கடைசியில் பார்த்தால் கால்வாயின் அகலம் போதும். நடுவழியில் அடிமட்டம் 7 சென்டிமீட்டர் மேடாக இருந்தது. அதை வெட்டியதும் தண்ணீர் ஓடியது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடியதில் வித்தியாசம் 5 மில்லிமீட்டர். சுற்று அரை கிலோமீட்டர், 12√K கணக்கில் (K என்பது கிலோமீட்டரில் தூரம்) 8 மில்லிமீட்டர் வரை பிழை போகலாம். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை.

கருவியிலும் குறை உண்டு. ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டே ஆக வேண்டும். லாரியில் குலுங்கி வந்த பிறகு டூ பெக் டெஸ்ட் (இரண்டு முளை அடித்து, பார்வைக்கோடு கிடைமட்டமா என்று பார்ப்பது) செய்யாமல் நான் தொடுவதில்லை. ஒருமுறை 60 மீட்டர் இடைவெளியில் இருந்த முளைகளுக்கு நடுவில் வைத்தபோது உயர வித்தியாசம் 0.175 மீட்டர், ஒரு முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் 0.169. ஆறு மில்லிமீட்டர் பார்வைக்கோட்டின் சாய்வு. முன்னும் பின்னும் சம தூரத்தில் நடுவில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை தானாகவே அடிபட்டுப் போகும். வகுப்பில் சொன்னபோது மண்டையில் ஏறாத விஷயம் இது.

லெவல் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் இன்னொரு தொல்லை வரும். பக்கத்து வீட்டு வேலி நம் நிலத்தில் இருக்கிறதா பார் என்றார் அத்தை. லெவல் உயரம் பார்க்கத்தான். எல்லைக்கல் விவகாரம் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. அத்தைக்கு இன்னும் கோபம்தான்.

வாங்குவதானால் கடையிலேயே ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு ரீடிங் எடுத்து, பக்கவாட்டில் விரலால் லேசாகத் தட்டுங்கள். குறுக்குக்கோடு துள்ளி அதே எண்ணுக்குத் திரும்பினால் காம்பன்சேட்டர் (பார்வைக்கோட்டைத் தானாகக் கிடைமட்டமாக்கும் பாகம்) நன்றாக இருக்கிறது. திரும்பாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஸ்டாஃபை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பழையதில் மூட்டுப் பொத்தான் தேய்ந்து மேல் துண்டு இறங்கியிருக்கும், டேப் வைத்து அளந்தால்தான் தெரியும்.