துப்பாக்கிப் பிடியா, நேர்ப் பிடியா?

ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு அசெம்ப்ளி வேலைக்குப் போகிறவர்களுக்கு ராத்திரியில் மணிக்கட்டு வலித்தால், நான் முதலில் கேட்பது கையில் எந்த பவர் ஸ்க்ரூடிரைவர் என்பதைத்தான்: கைப்பிடி துப்பாக்கிபோல் விலகி நிற்கும் துப்பாக்கிப் பிடியா, முனையோடு ஒரே கோட்டில் இருக்கும் நேர்ப் பிடியா?

மேசையில் கிடக்கும் பொருளில் மேலிருந்து கீழாக முடுக்க நேர்ப் பிடிதான் நல்லது. மணிக்கட்டு மடங்காது. அதே இடத்தில் துப்பாக்கிப் பிடியைக் கொடுத்தால் முழங்கை தோள்வரை உயரும், மணிக்கட்டும் மடங்கும். மடங்கிய கையில் பிடிவலு குறைவு. அதனால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். செங்குத்தாக நிற்கும் பொருள் என்றால் துப்பாக்கிப் பிடி, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நேர்ப் பிடிக்கு ஒரு குறை உண்டு. ஸ்க்ரூ இறுகி நிற்கும் கணத்தில் டிரைவர் உள்ளங்கைக்குள் திரும்பப் பார்க்கும். கையை இறுக்கித்தான் அதைத் தடுக்க முடியும். கைப்பிடி மெலிதாகவோ வழுக்கலாகவோ இருந்தால் பாடு இன்னும் அதிகம். விரல்நுனியால் கிள்ளிப் பிடிக்கும் வலு, முழுக்கைப் பிடியில் ஏறக்குறைய கால் பங்குதான்! கைப்பிடியின் குறுக்களவு 3 முதல் 5 செ.மீ. இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. முறுக்கு அதிகமான வேலைக்குத் துப்பாக்கிப் பிடியே தேவலை. விலகி நிற்கும் அதன் கைப்பிடி நெம்புகோல் போல் தாங்கும்.

ஒரே வகை டிரைவர்தான் கிடைக்கும் என்றால், பொருளைப் பிடித்து வைக்கும் ஜிக்கை, மணிக்கட்டு மடங்காதபடி சாய்த்து வைத்துத் தரும்படி சூப்பர்வைசரிடம் தயங்காமல் கேளுங்கள்.